சத்தம் போட்டுப் படித்தோம்

நம் வயதுக்காரர்கள் யாராவது பழைய லைப்ரரியைப் பற்றி உருக ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார், "அப்பல்லாம் லைப்ரரிக்குள்ள ஈ பறந்தா சத்தம் கேக்கும். அப்படி ஒரு அமைதி." நான் கேட்டேன், "ஈ பறக்கிற சத்தத்தைக் கேட்கவா சார் அங்கே போனீங்க?" அவர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பாயசம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும். எனக்கு எழுபது ஆகப் போகிறது. அந்த அமைதி யாரை வெளியே நிறுத்திவிட்டு வந்த அமைதி என்று எனக்குத் தெரியும். வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஊர் படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஷிப்டு பஸ்ஸுக்குப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினோரு வயது. தாம்பரத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலு பஸ். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். கண்டக்டர் அதை லைப்ரரி வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் போவார்.

லைப்ரரி என்றால் ஓடு போட்ட ரெண்டு அறை. ஒன்றில் அலமாரிகள். இன்னொன்றில் நீள மேஜை, ரெண்டு பெஞ்சு. செய்தித்தாள்களை ஒரு மரக்கட்டையில் சொருகி வைத்திருப்பார்கள். எடுத்தால் கை வலிக்கும். வாரப் பத்திரிகைகளுக்கு மூலையில் ஓட்டை போட்டு, சணல் கயிறு கோத்து, மேஜைக் காலோடு கட்டியிருப்பார்கள், மேய்ச்சல் மாட்டைக் கட்டுகிற மாதிரி. புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பத்திரிகையை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், மனசுக்குள். அதுதான் சட்டம். லைப்ரரி சார் மேஜைமேல் ஒரு மர ரூல்தடி இருக்கும். யாராவது வாயைத் திறந்தால் அதை எடுத்து ரெண்டு தட்டு தட்டுவார்.

இந்தச் சட்டம் எங்கள் அத்தைக்கு ஒத்துவரவில்லை. அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஏழு வயதில் அம்மை வார்த்து ரெண்டு கண்ணும் போய்விட்டது. நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு முப்பது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பாவப்பட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கிணற்றில் தண்ணீர் சேந்துவாள், மீன் அலசுவாள், தெருவில் யார் வருகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் படிப்பதை ஒரு தடவை கேட்டால் போதும், வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிப்பாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ரேஷன் கடை வரிசையில் ரெண்டு பெண்கள் ஒரு தொடர்கதையைப் பற்றிப் பேசியதை அவள் கேட்டுவிட்டாள். ஒரு அண்ணன், அவனுக்குக் கண் தெரியாத ஒரு தங்கை. அண்ணனுக்குக் கல்யாணம் கூடிவருகிறது, தங்கையை என்ன செய்வது என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள். அத்தைக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. "ஏண்டி, அந்தக் கதை லைப்ரரில கீதாமே. எனக்குப் படிச்சுக் காட்டுவியா?" என்றாள். அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சணல் கயிறு எட்டுகிற மட்டும் பத்திரிகையை இழுத்து, அவள் காதருகே கிசுகிசுவென்று படித்தேன். முதல் பக்கம்கூட முடியவில்லை. எதிர் பெஞ்சிலிருந்து ரிடையர்டு எட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அவர் தினமும் ரெண்டு மணிக்கு வந்து ஆங்கிலப் பேப்பரை விரிப்பார், ஆறு மணிக்குத்தான் மடிப்பார். அவர் செருமினால் லைப்ரரி சார் எழுந்து நிற்பார். நின்றார். தடியால் தட்டினார்.

"ஏம்மா, இது லைப்ரரி. படிக்கிறவங்க வர்ற இடம்."

"நானும் படிக்கத்தான் சார் வந்தேன்," என்றாள் அத்தை.

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே?"

"காது தெரியுதே சார்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகிப்போனது. லைப்ரரி சார் முகம் சிவந்து, வாசலைக் காட்டினார். காட்டினது அவளுக்குத் தெரியாது இல்லையா, அதனால் வாயாலும் சொல்ல வேண்டியதாயிற்று. "வெளிய போ."

வெளியே ரோட்டோரம் ஒரு மதகு. அதன் கல்லில் அத்தை உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே போய் ஒரு பக்கத்தை மனசுக்குள் படித்துவிட்டு ஓடிவந்து அவளிடம் ஒப்பிப்பேன். திரும்ப உள்ளே ஓடுவேன். லைப்ரரி சார் முறைப்பார், ஆனால் ஓடக் கூடாது என்று சட்டம் இல்லை. நாலு பக்கக் கதைக்கு நாலு ஓட்டம். வெயிலில் என் காது மடல் எரியும். மணல் வண்டி போனால் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுவாள், சத்தம் அடங்கினதும் "உம், சொல்லு" என்பாள். இப்படி ஏழெட்டு சனிக்கிழமை போனது.

அப்புறம் அந்த வாரம் வந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அந்தக் கண் தெரியாத தங்கை கிணற்றில் விழுந்துவிடுகிறாள். பக்கத்தில் பெரிய படம், வளைந்த கை ஒன்று தண்ணீருக்கு மேலே. நான் அதைப் படித்துவிட்டு வாசல்படியில் நின்றேன். மதகின் மேல் அத்தை தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். பதினோரு வயதில் என்ன தோன்றுமோ அதைச் சொன்னேன். "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி ஆபரேசன் பண்ணாங்க அத்த. கண்ணு வந்துடுச்சு."

அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். "வந்துடுச்சா," என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை, என் தலையைப் பின்னும்போது கையில் வேகம் இல்லை. எனக்குக் காரணம் புரியவில்லை.

வியாழக்கிழமை கிணற்றடியில் ஒருத்தி, "பாவம், இப்பிடிப் பூட்டாளே அந்தப் பொண்ணு, கெணத்துல வுழுந்து," என்றாள். அத்தை கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள். வாளி தண்ணீரில் மோதின சத்தம் எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது.

அன்று அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"உனக்கு யாருடி இந்த வேலைய குடுத்தது?"

"நீ அழுவியேன்னு..."

"அழுதா அழுவுறேன். என் கண்ணு பாக்கத்தான் லாயக்கில்ல, அழறதுக்குக்கூடவா ஆவாது?" என் தோளைப் பற்றித் தன் பக்கம் திருப்பினாள். "கேட்டுக்கோ. அவ செத்தான்னு நீ சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். கண்ணு வந்துச்சுன்னு சொன்ன பாரு, அதுலதான் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. ஒண்ணு அவ சாவணும், இல்ல கண்ணு வரணும். நான் இருக்கிற மாதிரி அவ இருக்கக் கூடாதா? அப்பிடி இருந்தா கத முடியாதா?"

அந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள்.

மறுநாளே ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கிவரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நல்ல தமிழ்ல எழுது, சர்ச்சுல படிக்கிற மாதிரி" என்றாள். அதனால் பாதி என் நடை, பாதி அவள் நடை. அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு. உங்கள் கதையில் கண் தெரியாத பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு ஏழு வயதில் கண் போனது. இப்போது முப்பது. தினம் ரெண்டு வேளை கிணற்றில் தண்ணீர் சேந்துகிறேன். ஒரு நாளும் விழுந்ததில்லை. விழத் தோன்றினதும் இல்லை. கதை எழுதுகிறவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அவரை ஒரு நாள் எங்கள் ஊருக்கு வந்து நாலு குடம் சேந்திப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று கயிறு பிடிக்கச் சொல்லித் தருகிறேன்."

கீழே அவள் பெயர். விலாசத்துக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகம் என்று போடச் சொன்னாள். "அங்கதான புக்கு வருது. பதிலும் அங்கயே வரட்டும்."

ஒரு மாதம் கழித்து, வாசகர் கடிதப் பக்கத்தில் அது அச்சில் வந்துவிட்டது. நான் அதைப் படித்துவிட்டு வாசல்படியில் மறுபடியும் நின்றேன். இந்த முறை பொய் சொல்லத் தைரியம் இல்லை. அச்சில் இருந்தது இவ்வளவுதான்: "நானும் பார்வை இல்லாதவள். தங்கள் தொடர்கதையில் கண் தெரியாத பெண் கிணற்றில் விழும் இடம் என் நெஞ்சை உருக்கிவிட்டது." கீழே அவள் பெயர். எங்கள் லைப்ரரி பெயர்.

"இன்னொரு தபா படி," என்றாள். படித்தேன். "இதுவா நான் சொன்னது?" என்றாள். அப்புறம் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கும்.

ஆனால் ஊருக்கு அது பெரிய பெருமையாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெயர் புத்தகத்தில் வந்துவிட்டதாம். அந்த வாரப் பத்திரிகையின் மூலை, ஆள் ஆளுக்குத் தொட்டுக் கறுத்துப் போனது. லைப்ரரி சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நூலக வார விழா வருகிறது, செங்கல்பட்டிலிருந்து ஆபீசர் வருகிறார், "நம்ம கிளையோட வாசகி" ரெண்டு வார்த்தை பேச வேண்டும். நூலகத்தால் எப்படிப் பயனடைந்தேன் என்று.

அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் பியூன். ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிறவர். உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். "என் தங்கச்சி பேசும் சார். நல்லாப் பேசும்."

"சரிண்ணா," என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள்.

விழாவுக்கு லைப்ரரி வாசலில் பந்தல் போட்டார்கள். மைக்செட். பேச்சுப் போட்டி, கோலப் போட்டிப் பரிசுகள். எட்மாஸ்டர் முதல் வரிசையில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபீசருக்குச் சந்தன மாலை. அப்பா சோடா பெட்டியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க நின்ற அத்தையை நான் மேடையேற்றி, மைக்கைக் கையில் பிடிக்க வைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். "என் பேர்ல ஒரு கடுதாசி அச்சாயி வந்துது. அதுக்குத்தான் என்னைக் கூப்டு மேல ஏத்திக்கிறாங்க. ஆனா அது நான் எழுதுனது இல்ல. நான் எழுதுனத இப்ப சொல்றேன்."

சொன்னாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, கிணறு, குடம், கயிறு எதையும் விடாமல். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. ஆபீசரும் சிரித்தார், நல்ல மனுஷன் மாதிரி. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ரெண்டாவது. நான் இந்த லைப்ரரிக்கு வாசகி இல்ல. என்ன உள்ள வுடல. ஒருத்தர் படிச்சு ஒருத்தர் கேட்டா தப்பாம். சர்ச்சுல அப்பிடித்தான் படிக்கிறாங்க, கோயில்ல அப்பிடித்தான் கத சொல்றாங்க, இங்க மட்டும் தப்பாம். நான் அதோ அந்த மதகுல குந்திக்கினு, கொழந்த வெயில்ல ஓடியாந்து ஓடியாந்து சொல்லித்தான் கேட்டேன். எனக்காக மட்டும் நான் இத சொல்லல. களை எடுக்கிற பொம்பளைங்க, செங்கல் சூளைல வேல செய்யிறவங்க, யாருக்கு இங்க எழுத்து தெரியும்? எழுத்து தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் லைப்ரரின்னா..."

அங்கே மைக் செத்துப்போனது. லைப்ரரி சார் மைக்செட்காரனுக்குக் கையைக் காட்டியதை நான் பார்த்தேன். அத்தைக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லையா, சொல்ல முடியாது. சர்ச்சில் பாட்டுப் பாடிப் பழகின குரல். மைக் இல்லாமலே ரோட்டுவரை போய்ச் சேர்ந்தது.

"...அப்பிடின்னா வாசல்லயே எழுதிப் போட்டுடுங்க. அதையும் யாராவது படிச்சுச் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."

பெண்கள் கைதட்டினார்கள். ஆபீசர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பரிசளிப்பை அவசரமாக முடித்துக்கொண்டு ஜீப் ஏறினார்.

அப்பா நாலு நாள் அவளோடு பேசவில்லை. யூனியன் ஆபீசில் மேலாளர் கூப்பிட்டு, "உன் தங்கச்சியாமே?" என்று கேட்டாராம். ஐந்தாம் நாள் வாய் திறந்தார். "லைப்ரரி சாருகிட்ட போயி மன்னிப்புக் கேட்டுடு பாப்பா. என் வேலைக்கு எதுனா ஆயிட்டா இன்னா பண்றது?"

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. ஆனா, நான் செஞ்சது தப்புன்னு நீ சொல்லு, போறேன்."

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தப்பு என்று சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அத்தை மதகுப் பக்கம் போகவில்லை. நேரே உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். "படி," என்றாள். "காதுல இல்ல. நல்லா தொண்டயத் தொறந்து."

படித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ரூல்தடி தட்டியது. நான் நிறுத்தவில்லை, அவள் என் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் சேறு காயாத காலோடு நின்றார்கள். எட்மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் சனிக்கிழமைகளில் அவர் வரவே இல்லை.

அப்போது எங்களுக்கு அது வெற்றி. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் வீட்டில் மனைவி மூளை குழம்பிப்போய் பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்தாராம். மனுஷனுக்கு அந்த நாலு மணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். லைப்ரரி சாரும் வேலை நிரந்தரமாகாத ஆள். ஆபீசர் ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் இப்போது புரிகிறது. எட்மாஸ்டரை நினைத்தால் சங்கடமாகக்கூட இருக்கிறது. ஆனாலும் மறுபடி அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தால் மறுபடியும் சத்தமாகத்தான் படிப்பேன்.

மூன்றாவது வாரம், செங்கல்பட்டிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நாங்கள் போய் உட்கார்ந்ததும் லைப்ரரி சார் ஆபீஸ் சீல் குத்திய ஒரு காகிதத்தை அத்தை கையில் கொடுத்தார்.

"இன்னா சார் இது?"

"உனக்கு நோட்டீஸ்மா. வாங்கிக்கிட்டு இந்த ரெஜிஸ்டர்ல கைநாட்டு வெய்யி."

"எனக்கா? இன்னா எழுதிக்கீது?"

நான் எட்டிப் பார்த்துப் படிக்க வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ படிக்காத. லைப்ரரில நீ சத்தமா படிச்சா தப்பு." பிறகு காகிதத்தை அவர் இருக்கிற திக்கில் நீட்டினாள். "நீங்களே படிங்க சார். தெரியாம எதுலயும் நான் கைநாட்டு வெக்க மாட்டேன்."

அவர் சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் அன்று பத்துப் பேருக்குக் குறையாது. வேறு வழி இல்லாமல் வாங்கி, குரலைத் தாழ்த்திப் படித்தார்.

"கேக்கல சார்," என்றாள் அத்தை.

"இங்கயும் கேக்கல," என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தார். "இதன் மூலம் தங்களுக்குத் தெரிவிக்கப்படுவது யாதெனில், நூலகத்தின் உள்ளே வாய்விட்டு உரக்க வாசிப்பது விதிகளுக்கு முரணானது..." அந்த அறையில் அவ்வளவு உரக்க யாரும் அதுவரை படித்ததில்லை, நான் உள்பட. பாதியில் அவருக்கே அது உறைத்துவிட்டது. வாசித்துக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஜன்னலில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் கடைசிவரை படித்துத்தான் முடித்தார். அதை நான் சொல்லாமல் விடக் கூடாது.

"நல்லாத்தான் படிக்கிறீங்க சார்," என்றாள் அத்தை. "இந்த வாரக் கதையையும் நீங்களே படிச்சுடுங்களேன்."

அவர் படிக்கவில்லை. கைநாட்டையும் கேட்கவில்லை. ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, "நான் டீ குடிச்சுட்டு வர்றேன், பாத்துக்குங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மணி மூன்று. திரும்பி வரும்போது ஐந்து. அதற்கடுத்த சனிக்கிழமையும் சரியாக மூன்று மணிக்கு அவருக்கு டீ குடிக்கத் தோன்றியது. அதற்கடுத்ததும் அப்படித்தான். எனக்குக் கல்யாணமாகி ஊரை விட்டுப் போகும்வரை, எட்டு வருஷம், ஜன்னலில் நின்றவர்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கதை கேட்டார்கள். அவர் இருந்த காலம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட ஐந்து மணிக்கு முன்னால் திரும்பி வந்ததில்லை. ஒரு டீயை ரெண்டு மணி நேரம் குடிக்கிற மனுஷனை அவருக்கு அப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.